இடைவினை மட்டும் வந்திருக்கிறது, முதன்மை விளைவு இல்லை: அனோவா அட்டவணையை எப்படி வாசிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். 40 பேர், 4 குழுக்கள், குழுவுக்கு 10 பேர். பாதிப் பேர் ஒரு சொற்பட்டியலை அமைதியான அறையிலும் மீதிப் பேர் பேச்சுச் சத்தம் ஓடும் அறையிலும் படித்தார்கள். பிறகு ஒவ்வொரு பாதியையும் இரண்டாகப் பிரித்து, சிலருக்கு அமைதியிலும் சிலருக்குச் சத்தத்திலும் நினைவுத் தேர்வு வைக்கப்பட்டது. இருவழி அனோவாவில் (இரண்டு காரணிகளை வைத்துக் குழுச் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) படித்த சூழலுக்கும் தேர்வுச் சூழலுக்கும் முதன்மை விளைவு, அதாவது ஒரு காரணியின் தனித்த சராசரி விளைவு, வரவில்லை. இடைவினைக்கு (ஒரு காரணியின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுவது) மட்டும் பி மதிப்பு, அதாவது விளைவே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.003. "நினைவின் மேல் சத்தத்துக்கு விளைவு இல்லை" என்று எழுதிவிடலாமா? அல்லது பரிசோதனையே தோற்றுவிட்டதா?

தோற்கவில்லை. "விளைவு இல்லை" என்று எழுதினால்தான் தவறு. உங்கள் தரவு சொல்வதற்கு நேர் எதிரானதை எழுதியதாகிவிடும். அட்டவணையில் மூன்று வரிகள் இருப்பதால் மூன்றையும் சமமாக வரிசைப்படி விளக்க வேண்டும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. உங்கள் கருதுகோள் எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது இடைவினை வரியில் இருக்கிறது.

நீங்கள் கொடுத்த சராசரிகளை (நினைவுகூர்ந்த சொற்களின் எண்ணிக்கை) எடுத்துக்கொள்வோம்:

அமைதியில் படிப்பு, அமைதியில் தேர்வு: 15
அமைதியில் படிப்பு, சத்தத்தில் தேர்வு: 11
சத்தத்தில் படிப்பு, அமைதியில் தேர்வு: 12
சத்தத்தில் படிப்பு, சத்தத்தில் தேர்வு: 14

நான்கு குழுக்களிலும் திட்ட விலக்கம் 3.

இதைக் கையாலேயே போட்டுவிடலாம். ஒருமுறை போட்டுப் பார்த்தால் மென்பொருளின் அட்டவணை அந்நியமாகத் தெரியாது. மொத்தச் சராசரி 13. அமைதியில் படித்தவர்களின் சராசரி (15+11)/2 = 13; சத்தத்தில் படித்தவர்களுடையதும் (12+14)/2 = 13. ஆகவே படித்த சூழலின் வர்க்கக் கூடுதல் (ஒவ்வொருவருக்கும் விலகலை வர்க்கமாக்கிக் கூட்டியது) பூஜ்யம். தேர்வுச் சூழலில் சராசரிகள் 13.5, 12.5, ஒவ்வொன்றும் மொத்தச் சராசரியிலிருந்து 0.5 விலகியிருக்கிறது, பக்கத்துக்கு 20 பேர், ஆக வர்க்கக் கூடுதல் 10. இந்த இரண்டு விளைவுகளையும் வெறுமனே கூட்டினால் எந்தக் குழுவுக்கு என்ன சராசரி வரவேண்டும் என்று கணக்கிட்டால் 13.5, 12.5, 13.5, 12.5 கிடைக்கும். உண்மையான சராசரிகள் இவற்றிலிருந்து 1.5, −1.5, −1.5, 1.5 என்று விலகுகின்றன. இந்த விலகல்தான் இடைவினை. அதன் வர்க்கக் கூடுதல் 40 × 2.25 = 90. குழுக்களுக்குள் இருக்கும் சிதறல் 36 × 9 = 324 (36 என்பது 40 பேரிலிருந்து 4 குழுக்களைக் கழித்தது, 9 என்பது திட்ட விலக்கத்தின் வர்க்கம்). மொத்தம் 424.

எஃப் மதிப்பு என்பது ஒரு விகிதம். மேலே, குறிப்பிட்ட விளைவுக்கான வர்க்கக் கூடுதலை அதன் கட்டின்மை எண்ணால் (சுதந்திரமாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை, இங்கே ஒவ்வொரு விளைவுக்கும் 1) வகுத்தது. கீழே, ஒரே குழுவில் ஒரே மாதிரி நடத்தப்பட்டவர்களிடையே இருக்கும் சிதறல், இங்கே 9. தேர்வுச் சூழலுக்கு 10/9 = 1.11, பி சுமார் 0.30. இடைவினைக்கு 90/9 = 10, பி 0.003. விளைவே இல்லாதபோது இந்த விகிதம் ஏறக்குறைய 1-ஐச் சுற்றி வரும் என்பதால் 1.11 என்பது வெறும் சிதறல்.

இனி வாசிப்பு. படித்தபோதும் தேர்வின்போதும் சூழல் ஒன்றாக இருந்த குழுக்கள் 15, 14, சராசரி 14.5. சூழல் மாறிய குழுக்கள் 11, 12; சராசரி 11.5. மூன்று சொற்கள் வித்தியாசம். காரணிகளின் பெயரை மாற்றி, "சூழல் பொருந்தியது, பொருந்தவில்லை" என்று ஒரே காரணியாக எழுதி வர்க்கக் கூடுதல் போட்டுப் பாருங்கள்: 40 × 2.25, அதே 90. அதாவது உங்கள் அட்டவணையில் இடைவினை என்று தலைப்பிட்டிருக்கும் வரியே பொருத்தத்துக்கான சோதனை. 1975-இல் கோடனும் பேட்லியும் முக்குளிப்பவர்களைக் கரையிலும் நீருக்கடியிலும் சொற்களைப் படிக்க வைத்து, இரண்டு இடங்களிலும் நினைவுகூரச் சொன்ன பரிசோதனைக்கும் இதே வடிவம்தான். அங்கேயும் "நீர் நினைவைக் கெடுக்கிறதா" என்பதல்ல, "படித்த இடமும் நினைவுகூரும் இடமும் ஒன்றாக இருந்தால் உதவுகிறதா" என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு முதன்மை விளைவு வரி பதில் சொல்லவே முடியாது.

ஆகவே எந்த இருவழி அனோவாவிலும் முதலில் இடைவினை வரி, பிறகு குழுச் சராசரிகளின் வரைபடம், கடைசியாக முதன்மை விளைவுகள். இடைவினை வலுவாக இருக்கும்போது முதன்மை விளைவு என்பது முரண்பட்ட இரண்டு நடத்தைகளின் சராசரி. உங்களுடையதில் அந்தச் சராசரி பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டது. வேறொரு பரிசோதனையில் அது பெரிய எண்ணாக வந்து, எல்லா நிலைகளிலும் பொருந்தும் விளைவுபோல ஏமாற்றலாம். அதுதான் இன்னும் ஆபத்தானது.

அடுத்த படி தனித்தனி விளைவுகள்: காரணிகளில் ஒன்றை நிலையாக வைத்து மற்றதன் விளைவைப் பார்ப்பது. அமைதியில் படித்தவர்களிடம் தேர்வுச் சூழல் 4 சொற்கள் வித்தியாசம் தருகிறது. வர்க்கக் கூடுதல் 80, எஃப் 8.89, பி சுமார் 0.005. சத்தத்தில் படித்தவர்களிடம் வித்தியாசம் எதிர்ப்பக்கம் 2 சொற்கள். வர்க்கக் கூடுதல் 20, எஃப் 2.22, பி சுமார் 0.145. கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி: 80 + 20 = 100, அது தேர்வுச் சூழலின் 10-ஐயும் இடைவினையின் 90-ஐயும் கூட்டியதற்குச் சமமாக வரவேண்டும். வருகிறது. கீழே வைக்கும் பிழை மதிப்பு நான்கு குழுக்களிலிருந்தும் வந்த 9 ஆகவே இருக்கட்டும். தரவை இரண்டாக வெட்டித் தனித்தனி டி-சோதனை போட்டால் கட்டின்மை எண் 36-லிருந்து 18-க்கு இறங்கி, காரணமில்லாமல் துல்லியம் போகும். குழுக்களின் சிதறல் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டால் மட்டும் தனித்தனியாகப் போடுவதற்கு நியாயம் உண்டு.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒன்றில் பி 0.005, இன்னொன்றில் 0.145, உடனே "அமைதியில் படித்தவர்களிடம் விளைவு உண்டு, சத்தத்தில் படித்தவர்களிடம் இல்லை, ஆகவே இரண்டும் வேறு" என்று எழுதிவிடுவார்கள். அந்த "ஆகவே" செல்லாது. ஒன்று எல்லையைத் தாண்டியதும் மற்றது தாண்டாததும் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைச் சோதித்ததாகாது. 2011-இல் நியூவென்ஹௌஸ், ஃபோர்ஸ்ட்மன், வாகன்மேக்கர்ஸ் மூவரும் நரம்பியல் இதழ்களில் வந்த 513 கட்டுரைகளைப் பார்த்தபோது, இப்படி ஒப்பிட வேண்டிய இடம் இருந்த 157 கட்டுரைகளில் 79, அதாவது பாதி, இதே பிழையைச் செய்திருந்தன. உங்களிடம் இடைவினைச் சோதனை இருப்பதால் "இரண்டும் வேறு" என்று சொல்ல உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையைத் தருவது எஃப் 10 என்ற வரி, இந்த இரண்டு பி மதிப்புகள் அல்ல.

நம்பிக்கை இடைவெளிகளையும் (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லைகள்) போட்டுவிடுங்கள். என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அவை பி மதிப்பைவிட நேர்மையாகச் சொல்லும். இரண்டு குழுக்களின் வித்தியாசத்துக்குத் திட்டப் பிழை 1.34, 36 கட்டின்மை எண்ணுக்கான டி மதிப்பு 2.03; பெருக்கினால் 2.72. அமைதியில் படித்தவர்களுக்கு 95 சதவீத இடைவெளி 1.28 முதல் 6.72 சொற்கள். சத்தத்தில் படித்தவர்களுக்கு, சத்தத்தில் தேர்வெழுதியதால் கிடைத்த லாபம் −0.72 முதல் 4.72 வரை. பூஜ்யமும் உள்ளே இருக்கிறது, நான்கரைச் சொற்களும் உள்ளே இருக்கிறது. "விளைவு இல்லை" என்றும் சொல்ல முடியாது, "உதவுகிறது" என்றும் சொல்ல முடியாது. இரண்டு வித்தியாசங்களின் வித்தியாசம் 6, அதன் இடைவெளி 2.15 முதல் 9.85. இதில் பூஜ்யம் இல்லை.

முடிவுப் பகுதியில் எழுதவேண்டியது கிட்டத்தட்ட இப்படி: "படித்த சூழலுக்கும் தேர்வுச் சூழலுக்கும் இடையே இடைவினை இருந்தது, எஃப் (1, 36) = 10.00, பி = 0.003. சூழல் பொருந்தியவர்கள் சராசரியாக 3 சொற்கள் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். அமைதியில் படித்தவர்களின் நினைவு சத்தத்தில் தேர்வெழுதியபோது 4 சொற்கள் குறைந்தது; சத்தத்தில் படித்தவர்களிடம் வித்தியாசம் எதிர்த்திசையில் இருந்தாலும் துல்லியமாக மதிப்பிட முடியவில்லை." பிறகு நான்கு சராசரிகளும் திட்ட விலக்கங்களும். இவை இல்லாமல் எஃப் மதிப்பை மட்டும் அச்சிட்ட கட்டுரையால் யாருக்கும் பயனில்லை.

நான்கு குழுக்களையும் துக்கி சோதனையில் (எல்லா ஜோடிகளையும் ஒப்பிடும் முறை) போட்டு ஆறு ஜோடிகளை ஒப்பிடச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். இங்கே அது வேண்டாம். ஆறில் இரண்டு ஜோடிகள் மூலைவிட்டத்தில் இருப்பவை. அமைதி-அமைதி எதிர் சத்தம்-சத்தம் என்பதில் இரண்டு காரணிகளும் ஒரே நேரத்தில் மாறுகின்றன, வித்தியாசம் வந்தாலும் எதனால் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே கருதுகோள் இல்லாமல் மூன்று, நான்கு குழுக்களை வைத்து "எது எதிலிருந்து வேறுபடுகிறது" என்று தேடும் ஒருவழி (ஒரே காரணி உள்ள) அனோவாவுக்குத்தான் துக்கி. முன்பே தீர்மானித்த ஒப்பீடு இருந்தால் அதை நேரடியாகவே சோதிக்கலாம். மொத்த எஃப் மதிப்பு முதலில் தேறவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இடைவினையை வாசிக்கும்போது அளவுகோலையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். எதிர்வினை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எளிய பணியில் கவனச்சிதறல் 400 மில்லிவினாடியை 500 ஆக்குகிறது, கடினப் பணியில் 800-ஐ 1000 ஆக்குகிறது. வித்தியாசம் 100, 200, இடைவினை உண்டு. மடக்கை எடுத்தால் இரண்டும் 1.25 மடங்கு, இடைவினை காணாமல் போய்விடும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் விரிந்து மட்டும் போகும் இடைவினைகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பலவீனம் உண்டு என்பதை 1978-இலேயே ஜெஃப்ரி லாஃப்டஸ் சுட்டிக்காட்டினார். இரண்டு காரணிகளையும் எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தாலும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடைவினையை மட்டும் அளவுகோலை வளைத்து அழிக்க முடியாது. உங்கள் சராசரிகள் அப்படி வெட்டிக்கொள்கின்றன. ஆனால் மேலே பார்த்த இடைவெளியில் பூஜ்யமும் இருப்பதால் வெட்டு உறுதியானது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் உச்சவரம்பு விளைவு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் 16 சொற்கள்தான் என்றால் 15 என்ற சராசரி சுவரில் முட்டி நிற்கிறது, 3 என்ற திட்ட விலக்கமும் சந்தேகத்துக்குரியது. 25 சொற்கள் என்றால் கவலையில்லை.

இனி அட்டவணையில் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறுகள். முதலில் டி.எஃப். (கட்டின்மை எண்) பத்தி. 40 பேர், 4 குழு, பிழைக்கு 36 வரவேண்டும். ஒவ்வொருவரும் 40 முயற்சிகள் செய்த பரிசோதனையில் பிழைக்கு 1596 என்று வந்தால், ஒவ்வொரு முயற்சியையும் தனி ஆளாகக் கணினிக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரே ஆளின் 40 பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவற்றைச் சுதந்திரமானவை என்று கொண்டால் பிழை செயற்கையாகச் சுருங்கி எஃப் வீங்கும். அனோவாவின் அனுமானங்களில் மீறினால் மீளவே முடியாதது இதுதான். மூன்று குழுக் காரணிக்கு 2-க்குப் பதில் 1 வந்தால், குழு எண் 1, 2, 3 என்பதை ஆர் மென்பொருள் அளவாக எடுத்துக்கொண்டு நேர்கோடு போட்டிருக்கிறது. அதை முதலில் ஃபேக்டராக (எண்ணாக அல்ல, குழுப் பெயராக) மாற்ற வேண்டும்.

இயல்நிலைப் பரவலைப் பற்றித் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது மூல மதிப்பெண்களின் பரவலை அல்ல, குழுச் சராசரியைக் கழித்தபின் எஞ்சியதை. குழுக்கள் சம அளவில் இருந்தால் சிதறல் கொஞ்சம் வேறுபட்டாலும் அனோவா தாங்கும். அளவுகள் சமமில்லாதபோது நிலைமை வேறு: சிறிய குழுவில் சிதறல் பெரிதாக இருந்தால் பொய் எச்சரிக்கைகள் கூடும், பெரிய குழுவில் சிதறல் பெரிதாக இருந்தால் உண்மையான விளைவே தப்பிவிடும். ஒருவழி அமைப்பில், சிதறல் சமம் என்று கொள்ளாத வெல்ச் முறையைப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

ஆட்கள் விலகிப் போய் குழுக்கள் 10, 8, 9, 10 என்று ஆகிவிட்டால் வேறொரு பிரச்சினை வரும். காரணிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வர்க்கக் கூடுதலை எந்த வகையில் பிரிப்பது என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆரின் ஏ.ஓ.வி. கட்டளை முதல் வகையை, அதாவது காரணிகளை எழுதிய வரிசையில் ஒவ்வொன்றாகக் கணக்கிடுவதை, பயன்படுத்துகிறது. காரணிகளை எழுதும் வரிசையை மாற்றினாலே முதன்மை விளைவின் எஃப் மாறும். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் இயல்பாகவே மூன்றாம் வகையை, அதாவது ஒவ்வொரு விளைவையும் மற்ற எல்லாவற்றுக்கும் பிறகு கணக்கிடுவதை, தரும். இரண்டு மென்பொருள்களிலும் போட்டு வெவ்வேறு விடை வந்ததென்று திகைப்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான். ஆரில் மூன்றாம் வகை வேண்டுமானால், காரணிக் குறியீடுகள் கூட்டினால் பூஜ்யம் வரும்படி மாற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் எண் வரும், அர்த்தம் இருக்காது. ஏன் விலகினார்கள் என்பது அதைவிட முக்கியம். சத்தம் தாங்காமல் எழுந்து போனவர்கள் அதிகமென்றால் எந்த வகைக் கூடுதலும் அதைச் சரிசெய்யாது.

ஒரே ஆளை எல்லா நிலைகளிலும் அளந்திருந்தால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு பிழையிலிருந்து கழன்றுவிடும். குறைந்த ஆட்களிலேயே துல்லியம் கிடைக்கும். அதற்கு விலையாகக் கோளத்தன்மை என்ற நிபந்தனை வருகிறது: ஒவ்வொரு ஜோடி நிலைகளுக்கும் உள்ள வித்தியாசங்களின் சிதறல் சமமாக இருக்கவேண்டும். இரண்டே நிலைகள் என்றால் ஜோடி ஒன்றுதான், பிரச்சினை எழாது. மூன்றோ அதற்கு மேலோ என்றால் கிரீன்ஹவுஸ்-கெய்சர் திருத்தத்தைப் போடுங்கள். 20 பேர், 3 நிலைகள், எப்சிலான் (கட்டின்மை எண்களைப் பெருக்கும் திருத்தக் காரணி) 0.70 என்றால் கட்டின்மை எண்கள் 2, 38-லிருந்து 1.40, 26.60 ஆகச் சுருங்கும். எஃப் மாறாது, பி மாறும், 3.5 என்ற எஃப் திருத்தத்துக்கு முன் 0.04, பின் 0.05-ஐத் தாண்டிவிடும். இந்த அமைப்பில் வரைபடத்தில் வழக்கமான திட்டப் பிழைக் கோடுகளைப் போட்டால் அவை ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும், நிலைகளின் வித்தியாசத்தை அல்ல. ஒவ்வொருவரின் சராசரியையும் கழித்துவிட்டு, அதற்கான திருத்தத்தோடு போடும் முறை 2008 முதலே இருக்கிறது.

சொற்பட்டியல்களை வைத்துச் செய்யும் பரிசோதனை என்பதால் இன்னொன்று. எல்லோருக்கும் அதே 25 சொற்களையே கொடுத்திருந்தால், உங்கள் முடிவு வேறு ஆட்களுக்குப் பொருந்தும் என்று அனோவா சொல்கிறது, வேறு சொற்களுக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை. 1973-இல் ஹெர்பர்ட் கிளார்க் எழுப்பிய ஆட்சேபம் இது. ஆட்களையும் சொற்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் கலப்பு மாதிரிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன.

விளைவின் அளவுக்கு எஸ்பிஎஸ்எஸ் தரும் பகுதி ஈட்டா வர்க்கம் (விளைவின் வர்க்கக் கூடுதலை, அதையும் பிழையையும் கூட்டியதால் வகுத்தது) 90/414 = 0.22. இதை அப்படியே எழுதலாம், ஆனால் அது மேல்நோக்கிச் சாய்ந்த மதிப்பு; அந்தச் சாய்வைத் திருத்திய ஒமேகா வர்க்கம் 81/433 = 0.19 என்று கொஞ்சம் இறங்குகிறது. 0.01, 0.06, 0.14 என்ற கோஹெனின் எல்லைகளோடு பகுதி ஈட்டாவை ஒப்பிட்டு "பெரிய விளைவு" என்று முத்திரை குத்துவது வழக்கமாகிவிட்டது. ஒரே ஆளை மீண்டும் அளந்த பரிசோதனையின் பகுதி ஈட்டாவும் தனித்தனிக் குழுக்களின் பகுதி ஈட்டாவும் ஒப்பிடத்தக்கவை அல்ல என்பதால் அந்த முத்திரைக்குப் பெரிய மதிப்பில்லை. "3 சொற்கள்" என்பது அதைவிடத் தெளிவு.

படிப்பறை, தேர்வறையோடு பதட்டத்தையும் மூன்றாவது காரணியாகச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பதட்ட மதிப்பெண்ணை நடுவில் வெட்டி உயர்வு, தாழ்வு என்று பிரிக்காதீர்கள். அப்படி வெட்டுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்களைத் தூக்கி எறிவதற்குச் சமம். அளவாகவே வைத்துப் பின்னடைவு மாதிரியில் சேருங்கள். மேலும் மூன்று காரணி அனோவாவில் ஏழு சோதனைகள் இருக்கின்றன. எதிலும் விளைவே இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று 0.05-க்குக் கீழே வர ஏறக்குறைய 30 சதவீத வாய்ப்பு. பதட்டத்தை நீங்கள் குலுக்கிப் பிரித்துக் கொடுக்கவில்லை, அளந்தீர்கள். அந்த வரியில் எது வந்தாலும் அது தொடர்புதான், காரணம் அல்ல. அட்டவணையில் இரண்டு வகை வரிகளும் ஒரே மாதிரித் தெரிவதால் இது எளிதில் மறந்துபோகும்.

மறுபடி செய்வதானால் எத்தனை பேர்? இரண்டு குழுக்களில் அரைத் திட்ட விலக்க வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் தேவை. அந்த விளைவு இன்னொரு நிலையில் முழுதாகத் தலைகீழானால் நான்கு குழுக்களுக்கும் சேர்த்து அதே 128 பேர் போதும். தலைகீழாகாமல் மறைந்து மட்டும் போகுமென்றால் இடைவினையைப் பிடிக்க 512 பேர். உங்கள் 6 என்ற மதிப்பீட்டை நம்பித் திட்டமிட வேண்டாம், 0.05 எல்லையில் தேறிய மதிப்பீடுகள் பொதுவாகப் பெரிதாகவே இருக்கும். இடைவெளியின் கீழ் முனையான 2.15-ஐ எடுத்துக்கொண்டால் குழுவுக்குச் சுமார் 60 பேர், மொத்தம் 240-க்கு மேல். அவ்வளவு பேர் கிடைக்கமாட்டார்கள் என்றால் ஒரே ஆளை நான்கு நிலைகளிலும், நான்கு வெவ்வேறு பட்டியல்களோடு, வரிசையைச் சமன்செய்து அளப்பதுதான் வழி.